லாசர் தீவுக்கு ஒரு நாள்

சிங்கப்பூரில் பணிபுரியும் மகனையோ மகளையோ கண்டுவர நம் பங்குகளிலிருந்து ஆண்டுதோறும் பெற்றோர் பலர் சென்று வருகின்றனர். சென்று மீண்டோர் அந்நகரின் வானளாவிய மாளிகைகளையும், பூங்காக்களையும், தூய வீதிகளையும் பற்றி மகிழ்ந்து பேசுவர். அண்மைக் காலமாக அவர்களது பேச்சில் மற்றோர் இன்பமும் இடம்பெற்று வருகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுகூடி, ‘யாட்’ எனப்படும் உல்லாசப் படகொன்றை அரைநாளைக்கோ ஒருநாளைக்கோ வாடகைக்கு அமர்த்தி, நகருக்குத் தெற்கேயுள்ள ஒரு தீவின் மணற்கரைக்குச் சென்று, நீராடி, உண்டு, இளைப்பாறி, மாலையில் திரும்புவதே அது. அத்தீவின் பெயர் லாசர் தீவு.

மறைநூலைக் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களில் இப்பெயர் ஒரு கேள்வியை எழுப்பாமல் இராது. செல்வனின் வாசலில் உடலெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஏழையின் பெயர், செல்வர் இளைப்பாறும் கடற்கரைக்கு எவ்வாறு பொருந்தும்? பயணத்தின் இனிமையைச் சொல்லுவதோடு, இக்கேள்விக்கும் விடை காண முயல்வது நலமென்று கருதுகிறோம். ஏனெனில் அக்கரைகளில் நமக்கு முன்னே இறங்கியவர்களுள் நம்மவரும் உண்டு.

தென் தீவுகள்

சிங்கப்பூர் என்பது ஒரே தீவன்று. பெருந்தீவைச் சூழச் சிறியனவும் பெரியனவுமாக அறுபதுக்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுள் தெற்கே ஒரு கொத்தாக அமைந்தவை தென் தீவுகள். ஆங்கிலத்தில் ‘செயின்ட் ஜான்ஸ்’ என வழங்கும் தீவு, நம் வழக்கில் சொன்னால் புனித அருளப்பர் தீவு. அது பெருந்தீவிலிருந்து ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதையடுத்து லாசர் தீவும், சற்றுத் தள்ளிக் கூசுத் தீவும், மேற்கே சகோதரியர் தீவுகள் எனப்படும் இரட்டைத் தீவுகளும் உள்ளன.

இவற்றுக்கு மலாய்ப் பெயர்கள் வேறு. அருளப்பர் தீவு ‘சேக்கிஜாங் பெண்டேரா’. லாசர் தீவு ‘சேக்கிஜாங் பெலெப்பா’. ‘சேக்கிஜாங்’ என்னும் ஒலி ஆங்கிலேயர் செவியில் ‘செயின்ட் ஜான்’ என்று விழுந்தமையால் அத்தீவு புனிதர் பெயர் பெற்றது என்பது அங்கு வழிவழியாக வழங்கும் செய்தி. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸின் கப்பல்கள் இத்தீவின் அருகே நங்கூரம் பாய்ச்சின. மறுநாளே அவர் சிங்கப்பூரில் கால் வைத்தார். ஆகவே பிரித்தானியர் சிங்கப்பூரின் வரலாறு ஒருவகையில் இத்தீவின் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

லாசர் தீவின் இன்றைய உருவம் மனிதர் கைபட்டது. அருகிலிருந்த செரிங்காத் என்னும் குட்டித் தீவையும் இதனையும், கடலைத் தூர்த்து மண் நிரப்பி ஒன்றாக்கினர். அதனால் நடுவே பிறைவடிவில் அமைதியான குடா ஒன்று அமைந்தது. அருளப்பர் தீவையும் லாசர் தீவையும் ஒரு கடற்பாலம் இணைக்கிறது. முன்னர் இத்தீவுகளில் வாழ்ந்த மலாய் மீனவக் குடும்பங்கள் பின்னாளில் பெருந்தீவிற் குடியேற்றப்பட்டன.

படகும் பயணமும்

உல்லாசப் படகுகள் பெரும்பாலும் செந்தோசாத் தீவின் கோடியிலுள்ள படகுத்துறையிலிருந்தும், கெப்பல் விரிகுடாத் துறையிலிருந்தும் புறப்படுகின்றன. இயந்திரப் படகாயின் அரைமணி நேரத்திற்குள் குடாவை அடையலாம். பாய்மரப் படகாயின் காற்றின் போக்கைப் பொறுத்து நேரம் கூடும். இரண்டு அடிமரங்கள் இணைந்த அகன்ற படகுகளை அங்கே ‘கேட்டமரான்’ என்கின்றனர். நம் நெய்தல் நிலத்து மக்கள் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் செலுத்திய கட்டுமரத்தின் பெயரே, ஐரோப்பியர் நாவில் ஏறி, உலகைச் சுற்றி, செல்வர் படகுக்குப் பெயராகி நிற்கிறது. அப்படகில் ஏறும் தமிழர் இதை நினைத்துக்கொண்டால் தவறில்லை.

பயணம் குறுகியதாயினும் கடல் சாமானியமானதன்று. சிங்கப்பூர் நீரிணை உலகிலேயே மிகுதியான கப்பல்கள் செல்லும் நீர்வழிகளுள் ஒன்று. வருவனவும் போவனவும் மோதிக்கொள்ளாதபடி 1981 முதல் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. எண்ணெய்க் கப்பல்களும் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த பெருங்கப்பல்களும் நங்கூரமிட்டு வரிசையாக நிற்க, அவற்றின் நிழலில் நம் படகு ஒரு சிறு பறவை போல் ஊர்ந்து செல்லும். தீவுகளுக்கிடையே நீரோட்டம் வலிது. கடல் மட்டம் சில நாட்களில் மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று மேற்கேயிருந்து எழுந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலை வேளையிலோ, மழையோடும் இடியோடும் பாய்ந்து வரும். எனவே உரிமம் பெற்ற படகோட்டியின் சொல்லே அன்று முழுவதும் சட்டமாக இருத்தல் வேண்டும். ‘பணம் கொடுத்துவிட்டோமே’ என்று புறப்பாட்டை வற்புறுத்துவது பேதைமை.

குடாவை அடைந்ததும் படகு கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, மணல் தரையில் நங்கூரம் இடும். நீந்தத் தெரிந்தோர் நீந்தியும், பிறர் சிறு தோணியிலும் கரை சேர்வர். வெதுவெதுப்பான நீர், அலையில்லாத பரப்பு, ஓரத்தில் தென்னைகள், அப்பால், நீருக்கு மேல் மிதப்பதுபோல் தோன்றும் நகரத்து மாளிகைகள். தாத்தாவும் பேத்தியும் முழங்காலளவு நீரில் கைகோத்து நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் அந்நாட்டில் அரிது. வாரமெல்லாம் அலுவலகத்திலும் மின்தொடர்வண்டியிலும் கழித்த மகன், அன்றொரு நாள் தன் தந்தையின் அருகே வேலையேதுமின்றி அமர்ந்திருப்பான். குடும்பங்களுக்கு இது சிறிய நன்மையன்று. ஓய்வு பாவமன்று, உழைப்பவனுக்கு அது கடமையின் ஒரு பகுதியே.

லாசரின் பெயர்

நற்செய்தி நூல்களில் லாசர் இருவர். ஒருவர் லூக்காஸ் நற்செய்தியில் வரும் உவமையின் ஏழை. செல்வன் நாள்தோறும் விருந்துண்ண, வாசலில் பசியோடு கிடந்தவர். மற்றவர் அருளப்பர் நற்செய்தியில் வரும் பெத்தானியா ஊரார். மார்த்தாள், மரியாள் ஆகியோரின் சகோதரர். ஆண்டவரால் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவர். இடைக்கால ஐரோப்பாவில் உவமையின் ஏழையைத் தொழுநோயாளரின் பாதுகாவலராகக் கொண்டாடினர்.

1423-ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க்கு அஞ்சிய வெனிஸ் நகரத்தார், நாசரேத்து மரியன்னையின் பெயர்தாங்கிய கோயிலிருந்த ஒரு சிறு தீவில் நோயாளர்க்கென நிலையான மருத்துவமனை நிறுவினர். நாசரேத்து என்னும் ஊர்ப்பெயரும் லாசர் என்னும் ஏழையின் பெயரும் மக்கள் நாவில் கலந்து, ‘லாசரெட்டோ’ என்னும் சொல் பிறந்தது என்பர். கப்பலில் வந்தோரை நோய்க்காகத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கு அதுவே உலகெங்கும் பெயராயிற்று. அவ்வாறு நிறுத்தப்பட்ட காலம் நாற்பது நாள். இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ என்னும் சொல் வந்தது. தவக்காலத்தின் எண்ணிக்கையும் அதுவே.

இனிச் சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1873-இல் அந்நகரில் வாந்திபேதி பரவிற்று. அதன் பயனாக, 1874-இல் அருளப்பர் தீவில் ஒரு லாசரெட்டோ திறக்கப்பட்டது. பின்னர் நூறாண்டுக் காலம் அத்தீவு நோய்த் தடுப்பு நிலையமாகவே விளங்கிற்று. சீனத்திலிருந்து வந்த கூலிகளும், மெக்காவிலிருந்து மீண்ட யாத்திரிகர்களும், நம் கரையிலிருந்து சென்ற தொழிலாளரும் அங்கே சோதிக்கப்பட்டனர். 1930-ஆம் ஆண்டளவில் இவ்வகை நிலையங்களுள் அது உலகப் புகழ் பெற்றிருந்தது. காத்திருந்த காலத்தில் மாண்டவர்களை அடக்கம் செய்ய அருகிலுள்ள கூசுத் தீவு இடுகாடாகப் பயன்பட்டது. லாசர் என்னும் பெயர் அக்கடற்பரப்புக்குப் பொருத்தமற்றதன்று என்பது இப்போது விளங்கும்.

காத்திருந்த நம்மவர்

தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்களின் முதிய குடும்பங்களில் ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை அறியாதார் குறைவு. 1926 முதல் 1973 வரை அக்கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று மீண்டது. அதற்கு முன்னும் எத்தனையோ கப்பல்கள் நாகைத் துறையிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்றன. ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணி சேர்த்த ஆட்களாகவும், சொந்தப் பணத்தில் பிழைக்கச் சென்றவர்களாகவும் பல தலைமுறையினர் அக்கடலைக் கடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேல்தளத்துப் பயணிகள். அறையோ கட்டிலோ அவர்களுக்கு இல்லை. பாயும், தகரப் பெட்டியும், சோற்றுத் தட்டுமே உடைமை.

கப்பலில் அம்மை நோயோ வாந்திபேதியோ கண்டால், அல்லது தடுப்பூசி குறித்து ஐயம் எழுந்தால், அப்பயணிகள் தீவில் இறக்கப்பட்டனர். பினாங்கில் ஜெரெஜாக் தீவு; சிங்கப்பூரில் அருளப்பர் தீவு. துணிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டன, உடல் சோதிக்கப்பட்டது, நாட்கள் எண்ணப்பட்டன. உயர் வகுப்பில் வந்தவர்களோ பெரும்பாலும் தடையின்றி நகருக்குச் சென்றனர். நோய்க்கு வகுப்பு வேறுபாடு இல்லை. ஆனால் நோயைத் தடுத்த முறைக்கு இருந்தது. நகரம் கண்ணெதிரே தெரிந்தது. விளக்குகள் இரவில் மின்னின. ஆயினும் இடையே கடல் இருந்தது. வாசலில் கிடந்த லாசரின் நிலையை அக்கரையில் காத்திருந்தோர் உவமையாக அன்றி வாழ்வாகவே அறிந்தனர்.

இதைச் சொல்வது நோய்த் தடுப்பைப் பழிப்பதற்கன்று. அந்நிலையம் நகரத்து மக்கள் பலரைக் காத்தது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென 1980-இல் உலக நல நிறுவனம் அறிவித்ததற்கு, தடுப்பூசியும் இத்தகைய கண்டிப்பும் காரணங்களே. ஆனால் பொது நன்மைக்காகச் சிலர் சுமந்த பாரத்தை, நன்மையை நுகர்வோர் அறிந்திருத்தல் நீதி.

அத்தீவு பிற காத்திருப்புகளையும் கண்டது. 1948-க்குப் பின் அரசியல் கைதிகள் அங்கு அடைக்கப்பட்டனர். 1951-இல் அவ்வாறு அடைக்கப்பட்டவருள் ஒருவர் தேவன் நாயர். அவரே 1981-இல் சிங்கப்பூர்க் குடியரசின் தலைவரானார். 1955-இல் அபினிப் பழக்கத்துக்கு அடிமையானோர்க்கு அங்கே சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. நோய்த் தடுப்பு நிலையம் 1976-இல் மூடப்பட்டது. அதன்பின் அது விடுமுறைத் தீவாக மாறிற்று. இன்று அங்கே கடல்வாழ் உயிர்களை ஆராயும் கூடமும் உண்டு.

அண்மையில் நேர்ந்தவை

காத்திருப்பு பழங்கதையாகிவிட்டது என்று எவரும் எண்ணற்க. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனா நோய் பரவியபோது, சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் வெளியே செல்லாதபடி நிறுத்தப்பட்டனர். அவர்களுள் தமிழகத்து இளைஞர் பல்லாயிரவர். ஓர் அறையில் பலர் தங்கியமையால் நோய் அங்கே விரைந்து பரவிற்று. அரசு உணவும் மருத்துவமும் அளித்தது. ஊதியம் கிடைக்கவும் ஏற்பாடு செய்தது. ஆயினும் மற்றக் குடிமக்கள் கடைவீதியிலும் கடற்கரையிலும் உலவத் தொடங்கிய பின்னும், இவர்களுக்கு அவ்வுரிமை முழுமையாகத் திரும்ப இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று நாம் வியந்து பார்க்கும் மாளிகைகளையும் சுரங்கப் பாதைகளையும் கட்டியவர்கள் இவர்களே. அருளப்பர் தீவின் பழைய நிலையம் மூடப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும், காத்திருந்தவர்கள் அதே வகையினர்.

கடலும் துன்புற்றது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் மண்வாரிக் கப்பலொன்று எண்ணெய் வழங்கும் கப்பலில் மோதியது. ஏறத்தாழ நானூறு டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாக் கரையிலும், அருளப்பர், லாசர், கூசுத் தீவுகளின் கரைகளிலும் கருநிறப் பிசுக்குப் படிந்தது. பணியாளர் மணலை வாரி அப்புறப்படுத்தினர்; பொதுமக்களும் முன்வந்து உதவினர். அதே ஆண்டில், லாசர் தீவின் தென்பகுதியையும் கூசுத் திட்டையையும் இரண்டாம் கடற்பூங்காவாகக் காக்கப்போவதாக அரசு அறிவித்தது. முதலாவது பூங்கா 2014-இல் சகோதரியர் தீவுகளைச் சூழ அறிவிக்கப்பட்டது. கரையில் நின்று காண்போர்க்கு வெறும் கலங்கல் நீராகத் தோன்றும் இக்கடலுக்கடியில் பவளத் திட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

செல்வோர்க்குச் சில சொற்கள்

இப்பயணத்தை மேற்கொள்ளும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள் கூறுவோம்.

படகு வாடகை எளியதன்று. பத்துப் பன்னிரண்டு பேர் பகிர்ந்துகொண்டாலும், நம்மூர் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெருஞ்செலவே. மகன் மனம் மகிழ்ந்து அழைத்தால் செல்லுங்கள். ‘அடுத்த வீட்டார் சென்றார்களே’ என்று அவனைக் கடனுக்குள் தள்ளாதீர்கள். மெரீனா தெற்குத் துறையிலிருந்து பொதுப் படகு ஒன்று உண்டு. அது அரைமணி அளவில் அருளப்பர் தீவில் இறக்கிவிடும். அங்கிருந்து கடற்பாலம் வழியாக லாசர் கரைக்கு நடந்தே செல்லலாம். அதே மணல், அதே நீர். கட்டணமோ வாடகைப் படகின் செலவில் மிகச் சிறு பங்கு. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் மறவாது குறித்துக்கொள்ளுங்கள்.

நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் மிதவைச் சட்டையைக் கழற்றலாகாது. நீர் அமைதியாகத் தோன்றுவதை நம்பிக் குடாவின் வாய்ப்பகுதிக்குச் செல்லலாகாது. அங்கே நீரோட்டம் வேறு. குடிநீர், நிழலுக்குத் தொப்பி அல்லது குடை, முதியோர்க்கு வேண்டிய மருந்து ஆகியவற்றை உடன் கொண்டு செல்க. உண்ட இலையையும், புட்டியையும், தாளையும் திரும்பக் கொண்டுவருக. பவளத்தையோ சங்கையோ நினைவுப் பொருளென்று எடுத்து வருதல் கூடாது. குடிமயக்கத்தில் கடலில் இறங்குவோர் ஆபத்தைத் தாமே தேடுவோராவர்.

மற்றொன்றும் சொல்ல விரும்புகிறோம். ஓஃபிர் சாலையில் 1888-இல் எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்டது. அங்கே தமிழ்த் திருப்பலிக்கு வருவோரில் நம் ஊர்களைச் சேர்ந்த தொழிலாளரும் உண்டு. பல ஆண்டுகள் அந்நாட்டில் உழைத்தும், தான் வாழும் விடுதியையும், வேலைத்தளத்தையும், தேக்காக் கடைவீதியையும் தவிர வேறெதையும் காணாதவர் அவர்களுள் இருக்கக்கூடும். உங்கள் பிள்ளைகளோடு தீவுக்குச் செல்லும் ஞாயிறன்று, அத்தகைய ஒருவரை, அவருக்கு விடுப்பு இருந்து, வர விருப்பமும் இருப்பின், உடன் அழைத்துச் செல்லுங்கள். வாடகைப் படகில் ஓர் இடம் கூடுதலாக இருக்கும். இல்லையெனில் பொதுப் படகில் ஒரு சீட்டு வாங்குவது எவர்க்கும் பாரமன்று. கட்டுச்சோற்றில் ஒருவருக்கு எப்போதும் மிஞ்சும். தர்மமாகக் கருதி அழைக்க வேண்டாம். உறவினரை அழைப்பது போல் அழையுங்கள். உவமையின் செல்வன் லாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நற்செய்தி கூறவில்லை. வாசலில் அவன் இருந்தான் என்பதைக் கண்டுகொள்ளாமையே அச்செல்வனின் குற்றம்.

கரையில் உணவு முடிந்தபின் பிள்ளைகளை அருகே அமர்த்தி, அப்பால் தெரியும் அருளப்பர் தீவையும் கூசுத் தீவையும் சுட்டிக் காட்டுங்கள். நம் தாத்தாக்களும் பாட்டிமாரும் பாயோடும் பெட்டியோடும் அங்கே காத்திருந்ததைச் சொல்லுங்கள். குடும்பத்தில் மூத்தவர்கள் அறிந்த பெயர்கள் இருப்பின் அவற்றையும் சொல்லுங்கள். ஊரார் அறியாது அங்கே மாண்டு புதைக்கப்பட்டவர்களுக்காக, அவர் எம்மதத்தினராயினும், ஒரு சிறு செபம் சொல்லுங்கள். அதன்பின் பிள்ளைகள் மீண்டும் நீரில் இறங்கி விளையாடட்டும். மாலைப் படகு வரும் வரை நேரம் இருக்கிறது.